உயர் அழுத்த மின்கம்பியும் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயர் அழுத்த மின்கம்பிக்கு அருகில் வசித்தால் குழந்தைக்கு இரத்தப் புற்றுநோய் வருமா? பொதுச் சுகாதாரப் புள்ளியியல் கற்பிக்கிறேன் என்பதால் இந்தக் கேள்வி அடிக்கடி என்னிடம் வருகிறது. மனைக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன், பக்கத்தில் போகும் மின்கம்பியைப் பார்த்துத் தயங்குகிறவர்கள் கேட்கிறார்கள். தங்கள் வயலில் உயர்மின் கோபுரம் வரப்போகிறது என்று தெரிந்த ஊர்க்காரர்கள் கேட்கிறார்கள். மூன்றாவதாகச் சிலர் இருக்கிறார்கள். எண்ணிக்கையில் குறைவு. குழந்தைக்கு லுக்கேமியா, அதாவது இரத்தப் புற்றுநோய், என்று மருத்துவர் சொன்ன பிறகு, "நாங்கள் அந்த வீட்டில் குடியிருந்ததால்தானா?" என்று கேட்கும் பெற்றோர் அவர்கள். இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்தது அவர்களுக்காகத்தான்.

நேரடியாகச் சொல்லுங்கள். ஆபத்து உண்டா, இல்லையா?

மின்கம்பிக்கு அருகில் வசிப்பதால் குழந்தைக்குப் புற்றுநோய் வரும் என்று இதுவரை நிறுவப்படவில்லை. பழைய ஆய்வுகளில் லுக்கேமியா என்ற இரத்தப் புற்றுநோயில் மட்டும் ஒரு சிறிய அதிகரிப்பு தென்பட்டது. ஆய்வுகள் பெரிதாகப் பெரிதாக, ஆண்டுகள் கூடக் கூட அது தேய்ந்துகொண்டே வந்திருக்கிறது. மூளைக்கட்டி முதலிய பிற குழந்தைப் புற்றுநோய்களில் சீரான தொடர்பு எதுவும் கிடைக்கவில்லை.

"முழுக்க முழுக்க ஒன்றுமே இல்லை" என்று ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். அதற்குத்தான் கீழே உள்ள கதை முழுவதும்.

இந்தப் பயம் எங்கே தொடங்கியது?

அமெரிக்காவில், கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகரில். நான்சி வெர்தைமர் என்ற ஆய்வாளர், அந்தப் பகுதியில் 1950 முதல் 1973 வரை புற்றுநோயால் இறந்த குழந்தைகளின் முகவரிகளைத் திரட்டினார். நோய்க்குச் சுற்றுப்புறத்தில் ஏதாவது பொதுவான தடயம் கிடைக்குமா என்று ஒவ்வொரு வீடாகப் போய்ப் பார்த்தார். அந்த வீடுகளுக்கு அருகே மின்மாற்றிகளும் தடித்த கம்பிகளும் அடிக்கடி கண்ணில் பட்டன. எட் லீப்பர் என்ற இயற்பியலாளருடன் சேர்ந்து அவர் 1979ல் கட்டுரையை வெளியிட்டார். அதிக மின்னோட்டம் செல்லும் கம்பிகளுக்கு அருகில் இருந்த குழந்தைகளிடையே லுக்கேமியா இரண்டு, மூன்று மடங்கு காணப்பட்டதாக அது சொன்னது.

வெர்தைமர் கேட்டது நேர்மையான கேள்வி. ஆனால் ஆய்வில் இரண்டு ஓட்டைகள் இருந்தன. கம்பியில் மின்னோட்டம் பாயும்போது உண்டாகும் காந்தப்புலத்தின் மீதுதான் சந்தேகம்; ஆனால் எந்த வீட்டுக்குள்ளும் அதை அளக்கவில்லை. கம்பியின் தடிமனையும் தூரத்தையும் பார்த்து வீடுகளை வகைப்படுத்தினார்கள். எது நோயுற்ற குழந்தையின் வீடு, எது ஒப்பீட்டுக்கு எடுத்த வீடு என்பதும் வகைப்படுத்தும்போதே அவருக்குத் தெரியும். அப்படித் தெரிந்திருந்தால், எவ்வளவு நேர்மையானவரின் கண்ணும் தான் தேடுவதைச் சற்றுக் கூடுதலாகவே பார்க்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். டென்வரில் அவர்கள் பார்த்தது பெரும்பாலும் தெருவோர விநியோகக் கம்பிகளை. நாம் பயப்படும் உயர்மின் கோபுரங்கள் அந்தக் கதையில் பிறகுதான் வருகின்றன.

1988ல் டேவிட் சாவிட்ஸ் அதே நகரத்தில் ஆய்வைத் திரும்பச் செய்தார். கம்பி வகையோடு தொடர்பு இருந்தது, முன்பைவிடக் குறைவாக. வீட்டுக்குள் நேரடியாக அளந்த காந்தப்புலத்தோடு ஒப்பிட்டபோது அது இன்னும் மெலிந்தது.

பிறகு ஏன் விஷயம் அடங்கவில்லை?

ஸ்வீடனால். அங்கே மக்கள்தொகைப் பதிவேடும் புற்றுநோய்ப் பதிவேடும் துல்லியமானவை. மரியா ஃபெய்ச்டிங், ஆண்டர்ஸ் ஆல்பொம் இருவரும் 1960 முதல் 1985 வரை 220, 400 கிலோவோல்ட் வழித்தடங்களிலிருந்து 300 மீட்டருக்குள் வசித்தவர்களை எடுத்துக்கொண்டார்கள். எந்த ஆண்டில் எந்தக் கம்பியில் எவ்வளவு மின்சாரம் சென்றது என்ற பழைய பதிவுகளைக் கொண்டு, ஒவ்வொரு வீட்டிலும் அன்று இருந்திருக்கக்கூடிய காந்தப்புலத்தைக் கணக்கிட்டார்கள். இந்தக் கணக்குக்கு யார் வீட்டுக் கதவையும் தட்ட வேண்டியிருக்கவில்லை. யார் நினைவையும் நம்பவில்லை. 1993ல் வந்த முடிவு: 0.2 மைக்ரோடெஸ்லாவுக்கு மேல் இருந்த குழந்தைகளிடம் லுக்கேமியா 2.7 மடங்கு.

உலகமே திரும்பிப் பார்த்தது. அந்த எண்ணுக்குப் பின்னால் இருந்தவர்கள் எத்தனை பேர்? ஆய்வில் மொத்தம் 39 லுக்கேமியா குழந்தைகள். அவர்களில் 0.2க்கு மேல் இருந்தவர்கள் ஏழு பேர். முறை சிறந்தது, எண்ணிக்கை மிகச் சிறியது. ஏழு பேரில் இரண்டு பேர் தற்செயலாக வேறு ஊரில் குடியிருந்திருந்தால் கணக்கு மாறிப்போயிருக்கும்.

மைக்ரோடெஸ்லா என்றால் என்ன? என் வீட்டில் அது எவ்வளவு இருக்கும்?

காந்தப்புலத்தின் வலிமையை அளக்கும் அலகு டெஸ்லா. அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மைக்ரோடெஸ்லா. கம்பியில் மின்னோட்டம் பாயும்போது அதைச் சுற்றிக் காந்தப்புலம் உண்டாகிறது. நம் மின்சாரம் விநாடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாகப் பாய்வதால் அந்தப் புலமும் 50 முறை அலைகிறது; இதையே 50 ஹெர்ட்ஸ் என்பார்கள்.

உலகச் சுகாதார நிறுவனம் திரட்டிய அளவுகளின்படி ஐரோப்பிய வீடுகளில் சராசரி சுமார் 0.07 மைக்ரோடெஸ்லா, அமெரிக்க வீடுகளில் சுமார் 0.11. உயர் அழுத்தக் கம்பியின் நேர் கீழே நின்றால் சில மைக்ரோடெஸ்லா முதல் இருபது வரை இருக்கலாம். விலக விலக அது வேகமாகக் குறைகிறது. மூன்று கம்பிகளில் செல்லும் மின்னோட்டங்கள் ஒன்றன் புலத்தை ஒன்று பெருமளவு தணித்துவிடுவதால், தூரம் இரட்டித்தால் புலம் ஏறத்தாழ நாலில் ஒரு பங்காகிவிடும். 50 முதல் 100 மீட்டருக்குள், கம்பியே இல்லாத இடத்தில் உள்ள அளவுக்கு வந்துவிடுகிறது. 110 கிலோவோல்ட் போன்ற சிறிய வழித்தடங்களில் இன்னும் சீக்கிரம்.

சுவர் காந்தப்புலத்தைத் தடுக்காது. "கான்கிரீட் வீடு, அதனால் பயமில்லை" என்று சொல்லப்படுவதில் பொருளில்லை. தூரம் ஒன்றுதான் குறைக்கும்.

சமையலறை மிக்ஸி, ஹேர் டிரையர் போன்றவற்றின் மோட்டாருக்கு ஒட்டி அளந்தால் பல மைக்ரோடெஸ்லா, சிலவற்றில் நூற்றுக்கணக்கிலும் இருக்கும். ஒரு முழம் தள்ளினாலே பெரும்பகுதி போய்விடும். ஓடுவதும் சில நிமிடங்கள்தான். கம்பியிலிருந்து வருவது சிறியது, ஆனால் நாள் முழுவதும் இருப்பது. ஆய்வாளர்கள் வீட்டின் நீண்டகாலச் சராசரியைப் பார்த்தது அதனால்தான்.

"0.4க்கு மேல் போனால் இருமடங்கு" என்கிறார்களே?

இந்த எண் 2000ஆம் ஆண்டில் வந்தது. ஒவ்வொரு நாட்டு ஆய்விலும் அதிகக் காந்தப்புலம் உள்ள வீட்டுக் குழந்தைகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்தார்கள். ஆகவே ஒன்பது ஆய்வுகளின் மூலத் தரவுகளை ஒன்றாகக் கொட்டி ஆல்பொம் குழுவினர் மறுபடி கணக்கிட்டார்கள். லுக்கேமியா உள்ள 3,247 குழந்தைகள், நோயில்லாத 10,400 குழந்தைகள்.

0.4க்குக் கீழே இருந்தவர்களிடம் கிட்டத்தட்ட எந்த வேறுபாடும் இல்லை. அந்தப் பிரிவில் மட்டும் 3,203 நோயுற்ற குழந்தைகள் இருந்தார்கள். 0.4க்கு மேல் நோயுற்றவர்கள் 44, நோயற்றவர்கள் 62. அந்த 44ஐயும் 62ஐயும் கொண்டு கணக்கிட்டபோதுதான் இரண்டு மடங்கு என்று வந்தது. நோயற்ற குழந்தைகளில் 0.4க்கு மேல் இருந்தவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை.

வேறுபாடு தற்செயல் மட்டும் என்று ஒதுக்கிவிட முடியாத அளவில் இருந்தது என்று அவர்களே எழுதினார்கள். நோயற்ற குழந்தைகளைத் தேர்ந்தெடுத்த விதத்தில் இருந்த சாய்வு அதில் ஒரு பகுதியை விளக்கக்கூடும் என்றும் எழுதினார்கள். செய்தித்தாள்கள் முதல் வாக்கியத்தை அச்சிட்டன.

இருமடங்கு என்பது பெரிய ஆபத்துதானே?

எதன் இருமடங்கு என்று கேட்க வேண்டும். மேலை நாடுகளில் 15 வயதுக்குட்பட்ட ஒரு லட்சம் குழந்தைகளில் ஆண்டுக்கு நான்கைந்து பேருக்கு லுக்கேமியா வருகிறது. இருமடங்கு என்பது உண்மையென்றே வைத்துக்கொண்டாலும், அது எட்டு முதல் பத்துப் பேர். மீதி 99,990 குழந்தைகளுக்கு அந்த ஆண்டில் ஒன்றுமில்லை.

ஒரு குழந்தையானாலும் குழந்தைதான். அதனால்தான் இத்தனை ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். ஆனால் வீட்டை விற்றுவிட்டு, தினமும் நெடுஞ்சாலையில் குழந்தையை இருசக்கர வாகனத்தில் வைத்துப் பள்ளிக்கு அழைத்துச் செல்லும்படியான இடத்துக்குக் குடிபோகிறவர், சிறிய சந்தேகத்திலிருந்து ஓடிப் பெரிய நிச்சயத்துக்குள் போகிறார். இதைப் பலமுறை பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

பிரிட்டனில் 600 மீட்டர் வரை ஆபத்து என்று கண்டுபிடித்தார்களாமே?

இந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். மொத்த விஷயத்தின் திருப்பமும் இங்கேதான் இருக்கிறது.

ஜெரால்ட் டிரேப்பர் தலைமையில் ஆக்ஸ்போர்டில் இருந்த குழந்தைப் புற்றுநோய் ஆய்வுக் குழு, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1962 முதல் 1995 வரை பதிவான 29,081 புற்றுநோய்க் குழந்தைகளை எடுத்துக்கொண்டது. அவர்களில் 9,700 பேர் லுக்கேமியா நோயாளிகள். அவர்கள் பிறந்தபோது இருந்த வீட்டுக்கும் மிக அருகிலுள்ள உயர் அழுத்த வழித்தடத்துக்கும் உள்ள தூரத்தை அளந்தார்கள். 2005ல் முடிவு வந்தது. 200 மீட்டருக்குள் பிறந்தவர்களிடம் லுக்கேமியா 1.69 மடங்கு. 200 முதல் 600 மீட்டர் வரை 1.23 மடங்கு.

முதல் எண்ணைக் கேட்டுப் பயந்தவர்கள் அதிகம். எனக்கு வியப்பளித்தது இரண்டாவது எண். ஐந்நூறு மீட்டர் தள்ளி அந்தக் கம்பியின் காந்தப்புலம் ஏறக்குறைய இல்லை. வீட்டுக்குள் உள்ள வயரிங்கும் ஃபிரிட்ஜும் உண்டாக்குவது அதைவிட அதிகம். காந்தப்புலமே இல்லாத இடத்தில் காந்தப்புலத்தின் விளைவு எப்படி வரும்? ஆய்வாளர்களும் இதையே கேட்டார்கள். இதற்கு ஏற்கத்தக்க உயிரியல் விளக்கம் தங்களிடம் இல்லை, தற்செயலாகவோ வேறு காரணியாலோ இருக்கலாம் என்று கட்டுரையிலேயே எழுதினார்கள். தொடர்பு உண்மையானாலும், அங்கே ஆண்டுதோறும் வரும் சுமார் 400 லுக்கேமியாக்களில் அது ஐந்தைத்தான் தொடும் என்றும் கணக்குக் கொடுத்தார்கள்.

அவர்கள் அதோடு நிறுத்தவில்லை. அந்தக் குழுவின் பணியைத் தொடர்ந்தவர்கள் ஆய்வை 2008 வரை நீட்டினார்கள். ஸ்காட்லாந்தைச் சேர்த்தார்கள், 132 கிலோவோல்ட் கம்பிகளையும் சேர்த்தார்கள். குழந்தைகளின் எண்ணிக்கை 53,515 ஆனது. 2014ல் வெளியான முடிவைப் பத்தாண்டு பத்தாண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். 200 மீட்டருக்குள் 1960களில் 4.5 மடங்கு. அது படிப்படியாக இறங்கியது. 1980களிலிருந்து பிறந்தவர்களிடம் அதிகரிப்பே இல்லை. 2000களில் 0.71, அதாவது கம்பிக்கு அருகில் பிறந்தவர்களிடம் நோய் சற்றுக் குறைவாகக்கூடத் தெரிந்தது. அந்தக் குறைவும் தற்செயலாக இருக்கலாம். கம்பி பாதுகாப்புத் தருகிறது என்று யாரும் அதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

இப்போது யோசியுங்கள். அதே கம்பி, அதே கோபுரம், அதே இயற்பியல். 1960ல் குழந்தைகளைத் தாக்கிய காந்தப்புலம் 1990ல் ஏன் தாக்காமல் விட்டது? புலம்தான் காரணம் என்றால் இப்படி மாறியிருக்கக் கூடாது. மாறியது அங்கே வாழ்ந்த மக்கள்: அவர்களின் வருமானம், இடப்பெயர்வு, குடும்பங்கள் ஒன்றோடொன்று கலந்த விதம். நோயோடு தொடர்புடைய ஏதோ ஒன்று அன்றைய கம்பியோர மக்களிடம் இருந்திருக்கலாம்; பிறகு அது மறைந்திருக்கலாம். இந்த ஆய்வைப் படித்த பிறகுதான் என் மனமும் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

கம்பியைச் சுற்றிய காற்றில் உண்டாகும் மின்னேற்றத் துகள்கள் நோயைக் கொண்டுவருகின்றனவா என்றும் பிரிட்டனில் தனியாகச் சோதித்தார்கள். நிலத்தடிக் கேபிள்களுக்கு அருகில் பிறந்தவர்களையும் தனியே பார்த்தார்கள். இரண்டிலும் ஆதாரம் கிடைக்கவில்லை.

பழைய ஆய்வுகள் எல்லாம் தவறா?

தவறு என்று சொல்ல மாட்டேன். இப்படிப்பட்ட ஆய்வில் நோயுற்ற குழந்தைகளோடு ஒப்பிட நோயற்ற குழந்தைகள் வேண்டும். நோயுற்ற குழந்தையின் பெற்றோர் எப்படியாவது ஒத்துழைப்பார்கள். நோயற்ற குழந்தையின் வீட்டில், "உள்ளே வந்து கருவி வைத்து அளக்கலாமா?" என்றால் வசதியுள்ள, படித்த குடும்பங்கள் ஒப்புக்கொள்ளும் அளவுக்கு, இரண்டு வேலை பார்த்துக் களைத்துவரும் ஏழைக் குடும்பம் ஒப்புக்கொள்ளாது. நெரிசலான தெருக்களில், கம்பிகளுக்கு அருகில் இருப்பவர்கள் யார்? பெரும்பாலும் அந்த ஏழைக் குடும்பங்கள்தான். அவர்கள் ஒப்பீட்டுக் குழுவிலிருந்து விடுபட்டால், நோயற்றவர்கள் எல்லாரும் கம்பிக்குத் தொலைவில் வாழ்வதாக ஒரு பொய்த் தோற்றம் உண்டாகும்.

அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1997ல் 638 நோயுற்ற குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்விலும், பிரிட்டனில் 1999ல் நோயுற்ற குழந்தைக்கு ஒரு நோயற்ற குழந்தை என்று 2,226 இணைகளை வைத்துச் செய்த ஆய்விலும் குறிப்பிடத்தக்க தொடர்பு கிடைக்கவில்லை. 2010ல் புதிய ஆய்வுகளைத் தொகுத்தபோது பழைய இருமடங்கு 1.44ஆக இறங்கியது, அதுவும் தற்செயலின் எல்லைக்குள் வந்துவிட்டது. 2022ல் வந்த தொகுப்பில் தொடர்பே தெரியவில்லை.

காந்தப்புலம் உடலுக்குள் போய் மரபணுவைச் சிதைக்காதா?

எக்ஸ் கதிர் சிதைக்கும். அதற்கு வேண்டிய ஆற்றல் அதனிடம் இருக்கிறது. வேதிப் பிணைப்பு ஒன்றை முறிக்கச் சில எலக்ட்ரான்வோல்ட் (மிகச் சிறிய ஆற்றல் அலகு) தேவை. 50 ஹெர்ட்ஸ் அலையின் ஒரு ஃபோட்டானிடம், அதாவது அதன் ஓர் ஆற்றல் துணுக்கிடம், அதில் பத்து லட்சம் கோடியில் ஒரு பங்குகூட இல்லை. வேறு மறைமுக வழி இருக்கலாமோ என்று விலங்குகளிடம் தேடினார்கள். எலிகளையும் சுண்டெலிகளையும் இரண்டு ஆண்டுகள், 1,000 மைக்ரோடெஸ்லா வரை காந்தப்புலத்தில் வைத்து வளர்த்தது அமெரிக்கத் தேசிய நச்சியல் திட்டம். லுக்கேமியா கூடவில்லை. நம் சந்தேக எல்லையான 0.4ஐவிட அது 2,500 மடங்கு.

உலகச் சுகாதார நிறுவனமே "புற்றுநோய் உண்டாக்கலாம்" என்று பட்டியலிட்டிருக்கிறதே?

ஆம். அதன் கீழுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2002ல் இந்தக் காந்தப்புலத்தை 2பி பிரிவில் வைத்தது. "ஆதாரம் வரம்புக்குட்பட்டது, முற்றாக ஒதுக்கவும் முடியவில்லை" என்பது அந்தப் பிரிவின் பொருள். முழு இலைக் கற்றாழைச் சாறும் அங்கேதான் இருக்கிறது. காபியைக்கூட அங்கே வைத்திருந்தார்கள், 2016ல் எடுத்துவிட்டார்கள். டீசல் புகையும் வெயிலும் புகையிலையும் முதல் பிரிவில், உறுதியானவை என்ற வரிசையில் இருக்கின்றன. பட்டியல் சொல்வது ஆதாரத்தின் உறுதியை மட்டுமே. ஆபத்தின் அளவை அதில் தேடக் கூடாது.

கம்பிக்குக் கீழே டியூப்லைட்டைப் பிடித்தால் தானாக எரிகிறது. இது ஆபத்துக்குச் சாட்சி இல்லையா?

எரிவது உண்மை. மின்புலம் அதை எரிய வைக்கிறது. குழாய்க்குள் இருக்கும் மெல்லிய வாயு ஒளிர மிகச் சிறிய மின்னோட்டமே போதும். மின்புலமும் காந்தப்புலமும் வேறு வேறு. இத்தனை ஆண்டுகளும் சந்தேகம் காந்தப்புலத்தின் மீதுதான். மின்புலத்தைச் சுவரும் கூரையும் மரமும் தடுத்துவிடுகின்றன. புற்றுநோய் முகமை அதை "வகைப்படுத்த ஆதாரமில்லை" என்ற மூன்றாம் பிரிவில் வைத்திருக்கிறது.

அந்த மின்புலத்தால் வேறொரு தொல்லை உண்டு. கம்பிக்குக் கீழே உள்ள நீண்ட முள்வேலியையோ தகரக் கூரையையோ தொட்டால் சுரீரென்று அடிக்கும். அவற்றுக்கு எர்த் கொடுக்க வேண்டும். இதை மின்வாரியத்திடம் கேட்டுச் செய்யுங்கள்.

செல்போன் செயலியில் அளந்தேன். 42 மைக்ரோடெஸ்லா காட்டுகிறது!

அது பூமியின் காந்தப்புலம். தமிழ்நாட்டில் எந்த வயலின் நடுவில் நின்றாலும் 40ஐ ஒட்டித்தான் காட்டும். செல்போனில் இருப்பது திசைகாட்டிக்கான உணரி. 50 ஹெர்ட்ஸில் அலையும் சிறிய புலத்தை அளக்க அதை நம்ப முடியாது. அதற்கென்றே உள்ள காஸ் மீட்டர் வேண்டும். அதில் மில்லிகாஸ் என்று காட்டினால் பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தெருவில் கம்பிக்கு அருகே இரண்டு குழந்தைகளுக்கு வந்திருக்கிறது. இது எப்படித் தற்செயலாகும்?

ஒரு பிடி அரிசியைத் தரையில் விசிறிப் பாருங்கள். எங்கும் சமமாக விழாது; சில இடத்தில் நான்கைந்து மணிகள் ஒட்டிக் கிடக்கும், சில இடம் வெறுமையாக இருக்கும். அரிதான நோயும் அப்படித்தான் ஊர்களில் விழுகிறது. இரண்டு வந்த தெருவில் காரணம் தேடுவோம். ஒன்றுமே வராத கம்பியோரத் தெருக்களை யாரும் எண்ணுவதில்லை.

அதற்காக வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொல்லவில்லை. ஒரே தெருவில் குறுகிய காலத்தில் ஒரே வகை நோய் பலருக்கு வந்தால் பொதுச் சுகாதாரத் துறைக்கு எழுதுங்கள். கம்பி ஒன்றையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால், பக்கத்தில் வேறு உண்மையான நச்சு இருந்தால் அது தப்பிவிடும்.

எங்கள் குழந்தைக்கு லுக்கேமியா. நாங்கள் கம்பிக்கு அருகில்தான் இருந்தோம். தவறு எங்களுடையதா?

இல்லை.

குழந்தைகளிடம் அதிகம் காணப்படுவது நிணநீரணு சார்ந்த தீவிர லுக்கேமியா. இரண்டு முதல் ஐந்து வயதில் அது உச்சத்தில் இருக்கும். பல குழந்தைகளிடம் நோய்க்கான முதல் மரபணுப் பிழை தாயின் வயிற்றிலேயே நிகழ்ந்துவிடுகிறது. உயிரணு பிரியும்போது தற்செயலாக ஏற்படும் பிழை அது. அப்படிப் பிழையோடு பிறக்கும் குழந்தைகளிலும் மிகச் சிலருக்கே நோய் வருகிறது. உறுதியாகத் தெரிந்த காரணங்கள் சிலவே: டவுன் நோய்க்குறி, முன்பு எடுத்துக்கொண்ட சில புற்றுநோய் மருந்துகள், கதிர்வீச்சு. 1950களில் ஆலிஸ் ஸ்டூவர்ட் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், கர்ப்பிணிகளுக்கு எடுத்த எக்ஸ் கதிர்ப் படத்துக்கும் குழந்தைப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்தபோது முதலில் யாரும் நம்பவில்லை. ஆனால் வேறு இடங்களில் திரும்பச் செய்தபோதும் அது நிலைத்தது. படங்களின் எண்ணிக்கை கூடக் கூட ஆபத்தும் கூடியது. உண்மையான காரணம் ஆய்வு பெருகும்போது இப்படித்தான் பலப்படும். மின்கம்பி விஷயத்தில் நடந்தது நேர்மாறு.

நீங்கள் வாடகை கட்டுப்படியான வீட்டில் குழந்தையை வளர்த்தீர்கள். அதில் குற்றம் எதுவுமில்லை. நல்ல சிகிச்சை கிடைக்கும் நாடுகளில் இந்த நோய் கண்ட குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் குழந்தைகளுக்கென்றே பழகிய மருத்துவர்கள் இருக்கிறார்கள். சிகிச்சை இரண்டு, மூன்று ஆண்டுகள் நீளும். குழந்தை நன்றாக ஓடியாடுகிறதே என்று நடுவில் நிறுத்திவிடாதீர்கள். உங்கள் வலிமை முழுவதும் அதற்குத் தேவைப்படும். பழைய வீட்டை நினைத்து அதைச் செலவழிக்க வேண்டாம்.

மற்ற பெற்றோருக்கு: விடாத காய்ச்சல், முகம் வெளுத்துப்போதல், அடிபடாமலே வரும் ஊதா நிறத் திட்டுகள், கால் எலும்பு வலியால் நடக்க மறுத்தல், கழுத்தில் நெறிகட்டுதல் ஆகியவற்றில் ஒன்றிரண்டு சேர்ந்து வந்தாலும் தாமதிக்காமல் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர்? துணைமின் நிலையம்? செல்போன் கோபுரம்?

டிரான்ஸ்ஃபார்மரின் புலம் சில மீட்டரிலேயே அடங்கிவிடும். துணைமின் நிலையத்தில் வேலிக்கு வெளியே பெரும்பாலும் உள்ளே வரும் கம்பிகள்தான் கணக்கு. செல்போன் கோபுரத்தின் அலை முற்றிலும் வேறு. இந்தப் பக்கத்தின் எண்களை அதற்குப் பொருத்தாதீர்கள்.

ஆபத்தில்லை என்றால் சில நாடுகள் ஏன் கட்டுப்பாடு வைத்திருக்கின்றன?

பன்னாட்டு வழிகாட்டி வரம்பு 200 மைக்ரோடெஸ்லா. அது நரம்புகளில் உடனடியாகத் தோன்றும் விளைவுகளைத் தடுப்பதற்கானது. நெதர்லாந்து 2005 முதல், 0.4க்கு மேல் வரக்கூடிய பட்டையில் புதிய வீடுகளைக் கூடியவரை தவிர்க்கும்படி உள்ளாட்சிகளுக்கு அறிவுரை சொல்லியது. அங்கே புலத்தின் அகலத்தைச் சுருக்கும்படி புது வடிவக் கோபுரங்களையே உருவாக்கினார்கள். சுவிட்சர்லாந்தில் புதிய வழித்தடங்களுக்கு 1 மைக்ரோடெஸ்லா. பிரிட்டனோ கட்டடத் தடைப்பட்டை வேண்டாம் என்று 2009ல் முடிவு செய்தது. இரட்டை வழித்தடங்களில் கம்பிகளின் வரிசையை மாற்றிப் புலத்தைக் குறைக்கும் முறையை மட்டும் ஏற்றது. செலவில்லாமல் குறைக்க முடிந்தால் குறைப்போம் என்பது எனக்கும் உடன்பாடே. நம் ஊரில் புதிய வழித்தடம் போடும்போதும் இதைக் கேட்கலாம், கேட்க வேண்டும்.

எங்கள் வயலில் உயர்மின் கோபுரம் வருகிறது. புற்றுநோய் வரும் என்று மனுவில் எழுதலாமா?

முதலில் எந்த வகைக் கம்பி என்று பாருங்கள். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து கரூர் மாவட்டம் புகளூருக்கு வரும் 800 கிலோவோல்ட் வழித்தடம் நேர்மின்னோட்டம். அதன் காந்தப்புலம் அலையாது. பூமியின் புலம் போல நிலையாக நிற்கும். மேலே சொன்ன லுக்கேமியா ஆய்வுகள் எதுவும் அதைப் பற்றியவை அல்ல.

கொங்குப் பகுதி விவசாயிகள் எழுப்பிய கேள்விகள் கனமானவை. நிலத்தின் மதிப்பு விழுகிறது, தென்னை வைக்க முடியவில்லை, கிணறும் வீடும் வழித்தடத்துக்குள் சிக்குகின்றன, இழப்பீடு போதவில்லை. இந்தக் கோரிக்கைகள் சொந்தக் காலில் நிற்கும். நிரூபிக்க முடியாத ஒன்றை மனுவின் முதல் வரியில் வைத்தால், அதிகாரிகள் அதை மறுத்துவிட்டு மற்றதையும் தள்ளிவிடுவார்கள்.

கடைசியாக, கம்பிக்குப் பக்கத்து வீட்டை வாங்கலாமா?

புற்றுநோய்க்குப் பயந்து விட்டுவிட வேண்டாம். மின்சாரம் தாக்கிச் சாவது நம் ஊரில் உண்மை. அதற்காகக் கட்டாயம் அளந்து பாருங்கள். 33 கிலோவோல்ட்டுக்கு மேற்பட்ட கம்பியிலிருந்து கட்டடம் பக்கவாட்டில் குறைந்தது 2 மீட்டரும், கூடும் ஒவ்வொரு 33 கிலோவோல்ட்டுக்கும் அல்லது அதன் பகுதிக்கும் இன்னொரு 0.3 மீட்டரும் விலகியிருக்க வேண்டும் என்பது இந்திய விதி. 110 கிலோவோல்ட் என்றால் 2.9 மீட்டர். கம்பி காற்றில் எவ்வளவு ஆடுமோ அந்த எல்லையிலிருந்து இதை அளக்க வேண்டும். கட்டடத்துக்கு மேலே கம்பி போனால், வெயில் நாளில் அது தொய்ந்து இறங்கும் மட்டத்திலிருந்து, அதே 110 கிலோவோல்ட்டுக்கு, 4.6 மீட்டர்.

இப்போது இருக்கும் மாடியோடு கணக்கை முடிக்காதீர்கள். நாளை மேலே ஓர் அறை கட்ட நினைப்பீர்கள். கொத்தனார் முறுக்குக் கம்பியை நிமிர்த்தித் தூக்குவார். முருங்கை பறிக்க யாரோ இரும்புத் துரட்டியோடு மொட்டை மாடிக்கு ஏறுவார்கள். கம்பியில் சிக்கிய பட்டத்தை எடுக்கப் பிள்ளைகள் கழியைத் தேடுவார்கள். அந்த மாடியில் குழந்தைகளைத் தனியே விட முடியுமா என்று முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒருமுறை ஏறி நின்று பாருங்கள்.